அட்டாலி விதையும் உறைபெட்டக விதையும்

மழைக்காலத்தில் நூல் எடை கூடும். திருப்பூரில் நூல் வாங்கி விற்கிறவர், நிட்டிங் ஓட்டுகிறவர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். பருத்தி நூல் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். காற்று வறண்டால் இழுத்ததை விட்டுவிடும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது நூலின் உலர் எடையில் 8.5 சதவீதம் தண்ணீர் என்று வைத்துத்தான் வியாபாரக் கணக்கே நடக்கிறது. விதையும் இப்படித்தான். அதே காற்றில் சில நாள் திறந்து கிடந்த கத்தரி விதையில் 10 சதவீதத்தை ஒட்டித் தண்ணீர் நிற்கும். வெண்டை விதை அதைவிடக் கூடுதலாகப் பிடித்துவைக்கும். நெல்லும் சோளமும் 12, 13 வரை போகும். நூல்காரர் அந்த ஈரத்தை ரூபாயாகப் பார்க்கிறார். விதை வைத்திருப்பவர் அதை வருடமாகப் பார்க்க வேண்டும்.

பழைய ரகக் காய்கறி விதையைக் காப்பாற்றுவது பற்றிப் பேசும்போது நம்மிடையே இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. பாட்டி வைத்த சாம்பலும் சாணியும் போதும் என்பது ஒன்று. அறிவியல் முறையில் குளிரில் உறையவைத்தால்தான் விதை தப்பும் என்பது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு தேவைக்காகப் பிறந்தவை என்பதை இரு கட்சியும் கவனிப்பதில்லை. ஊத்துக்குளி சாலைப் பக்கம் மண்ணரையில், பனியன் கம்பெனிகளுக்கும் லைன் வீடுகளுக்கும் நடுவே, மொட்டை மாடியிலோ வாசலோரத்திலோ நாட்டுக் கத்தரியும் சுரையும் போட நினைக்கிற ஒருவருக்கு இந்த இரண்டில் எது கைகொடுக்கும் என்ற கேள்வியோடு இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் அட்டாலி, அதாவது அடுப்புக்கு மேலே இருக்கும் பரண். கொங்கு வீடுகளில் விதை எடுப்பது சேமிக்கும் நாளில் தொடங்குவதில்லை. செடியில் காய் நிற்கும்போதே தொடங்கிவிடும். மண்ணரையில் நொய்யல் ஓரமாகப் பழைய ஓட்டு வீட்டில் இருக்கும் ஒரு அம்மாயி, கத்தரிச் செடியைக் காட்டி என்னிடம் சொன்னார்: “மொதக் காயும் ஆகாது கண்ணு, கடைசிக் காயும் ஆகாது. நடுவால வர்ற காயில நல்லதாப் பாத்துத் துணி கட்டி உட்ரோணும். அது மஞ்சளா நெறம் மாறி, தானாச் சொதசொதன்னு ஆகறப்பப் பறிக்கோணும்.” “அதுக்குள்ள யாராச்சும் குழம்புக்குப் பறிச்சுட்டா என்னங்க அம்மாயி பண்ணுவீங்க?” என்றேன். “அதுக்குத்தான கண்ணு துணி கட்றது. துணி கட்டுன காயை மருமக தொடமாட்டா, பேரன் தொடமாட்டான்” என்றார்.

பறித்த பழத்தைப் பிசைந்து தண்ணீரில் விடுவார்கள். மிதப்பதெல்லாம் பதர், அள்ளி எறிந்துவிடலாம். அடியில் தங்கியதை அலசி, சலித்த அடுப்புச் சாம்பலில் புரட்டி நிழலில் ஆற்றுவார்கள். பூசணி, பாகல் விதைகளைச் சாணி உருண்டையில் பதித்துச் சுவரில் அப்புவார்கள். பீர்க்கங்காயைப் பறிக்காமலே கொடியில் காயவிட்டு, முழுக் காயாக அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவார்கள். அந்தக் காயை ஒருமுறை உடைத்துப் பார்த்தால் அதன் நேர்த்தி தெரியும். வெளித்தோல் காகிதம்போல் நொறுங்கும். உள்ளே நார்க்கூடு, அதில் மூன்று நீளக் குழாய்கள், குழாய்க்குள் கறுத்த விதைகள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் நிற்கும். காம்புக்கு எதிர்முனையில் ஒரு சிறு மூடி உண்டு. அதைத் திருகி எடுத்துவிட்டுக் காயைத் தட்டினால் விதை சரசரவென்று உதிரும். சுரைக்குடுக்கையில் மற்ற விதைகளைப் போட்டு வைப்பார்கள். அவரைக்கும் துவரைக்கும் செம்மண் கட்டுவார்கள். கொஞ்சமாக இருந்தால் விளக்கெண்ணெய் தடவி, வசம்புத் தூளும் காய்ந்த நொச்சித் தழையும் சேர்த்து மொடாவில் அடைப்பார்கள்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் சொல்லிவிட முடியும். பயறு வண்டு வயலிலேயே காயின்மேல் முட்டை வைத்துவிட்டு விதையோடு வீட்டுக்கு வருகிறது. விதைமேல் எண்ணெய்ப் படலம் இருந்தால் முட்டை மூச்சு முட்டிச் சாகும். மண் பூசியிருந்தால் அடுத்த தலைமுறை வண்டுக்கு முட்டை ஒட்ட இடமிருக்காது. சலித்த சாம்பலின் நுண்துகள் பூச்சியின் மேலுள்ள மெழுகுப் பூச்சைத் தேய்த்துவிடும். உடம்பு நீர் வற்றி அது செத்துப்போகும். அமாவாசைக்கு அமாவாசை விதையை எடுத்து வெயில் காட்டுகிற பழக்கத்தில், நான் திதியைவிட மாதம் ஒருமுறை பார்க்கிற ஒழுங்கைத்தான் பெரிதாக எண்ணுகிறேன். மாதாமாதம் கை படுகிற விதையில் வண்டு பெருக முடியாது.

அடுப்புக்கு மேலுள்ள அட்டாலி விஷயம் இன்னும் சுவையானது. அறிவியல் படித்தவருக்கு இது தவறாகத் தோன்றும். சூடு விதையின் ஆயுளைக் குறைக்கும் என்பது பாடம். அமெரிக்க விதையியலாளர் ஹாரிங்டன் வகுத்த சுருக்கக் கணக்கு ஒன்று உண்டு. விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும். வெப்பநிலை 5 டிகிரி குறைந்தாலும் ஆயுள் இரட்டிக்கும். ஏறத்தாழ 5 முதல் 14 சதவீத ஈரம் வரை இது செல்லும். இதை வைத்து அட்டாலியை அளந்து பார்ப்போம். ஐப்பசி அடைமழை நாள். வெளியே 26 டிகிரி, காற்றில் 80 சதவீத ஈரப்பதம். விறகடுப்பு எரிந்து அட்டாலிக் காற்று 36 டிகிரிக்குச் சூடானால், அதே காற்றின் ஈரப்பதம் 45 சதவீதமாக இறங்கிவிடும். விதையின் ஈரம் அதனால் 3 சதவீதம் இறங்கும் என்று வைத்தால் ஆயுள் எட்டு மடங்கு கூட வேண்டும். 10 டிகிரி சூட்டால் அது நான்கில் ஒன்றாகக் குறைய வேண்டும். கழித்துப் பார்த்தால் இரண்டு மடங்கு லாபம். அடுப்பு இருவேளை மட்டும் எரியும் என்பதால் லாபம் இதைவிடக் குறையலாம். ஆனால் புகைக்குப் பூச்சி வராது என்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அந்தப் பெண்கள் சூட்டைக் கொடுத்து வறட்சியை வாங்கியிருக்கிறார்கள், அதுவும் சரியான விலைக்கு.

பட்டமும் இதற்குத் துணை நின்றது. பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே மழை மறைவில் கிடக்கும் வறண்ட நிலம் இது. தையிலும் மாசியிலும் விதை எடுத்தால், பங்குனி சித்திரைக் காற்று அதை உலர்த்தித் தரும். ஆடிப்பட்டத்தில் விதை மண்ணுக்குப் போய்விடும். ஆகவே பெரும்பங்கு விதை வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்றைக் கொட்டிலில் சந்திப்பதே இல்லை. மழை பொய்த்துவிட்டால் அடுத்த வருடத்துக்கு வேண்டுமே என்று ஒதுக்கிய சிறுபங்குதான் ஐப்பசியைத் தாண்ட வேண்டும், அதற்காகத்தான் அட்டாலி. இந்த முறை இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் எதையும் உயிரோடு வைக்க முயன்றதே இல்லை. முயலவேண்டிய தேவையும் இருக்கவில்லை. விதை வருடாவருடம் புதிதாகிக்கொண்டே இருந்தது.

உறைபெட்டகத்தின் தேவை வேறு. எவர் வயலிலும் இல்லாமல் போன ஒரு ரகத்தை, என்றைக்கோ யாருக்கோ தேவைப்படும் என்று வைத்திருப்பது அதன் வேலை. டெல்லி பூசா வளாகத்தில் இருக்கும் தேசியத் தாவர மரபு வளப் பணியகம் 1976இல் தொடங்கப்பட்டது. அதன் தேசிய மரபணு வங்கிக் கட்டடம் 1996இல் திறக்கப்பட்டது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் அங்கே மைனஸ் 18 டிகிரியில் உறைந்திருக்கின்றன. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் மலையைக் குடைந்து கட்டிய பெட்டகம் 2008 பிப்ரவரி 26 அன்று திறக்கப்பட்டது. அங்கும் அதே மைனஸ் 18. லடாக்கின் சாங் லா கணவாயில் நமது பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும் இந்தப் பணியகமும் சேர்ந்து அமைத்த பெட்டகமும் உண்டு. அங்கே குளிருக்கு மலையே உதவுகிறது.

இந்தப் பெட்டகங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் குளிரைத்தான் பேசுகிறார்கள். படங்களிலும் பனி மூடிய வாசல்தான் வருகிறது. ஆனால் வேலையின் பாதி, குளிர் அறைக்கு வெளியே, உலர்த்தும் அறையில் முடிந்துவிடுகிறது. உலக உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2014இல் வெளியிட்ட மரபணு வங்கித் தரநெறியின்படி, விதையை 5 முதல் 20 டிகிரி வெப்பத்தில், 10 முதல் 25 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் வைத்து உலர்த்த வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். அவசரமில்லாத, சூடில்லாத உலர்த்தல். விதையின் ஈரம் 3 முதல் 7 சதவீதத்துக்கு வந்த பிறகே அலுமினியத் தாள் வைத்த பொட்டலத்தில் அடைத்து ஒட்டி, உறையவைக்கிறார்கள். ஈர விதையை உறைய வைத்தால் உள்ளே பனிக்கட்டி கட்டி உயிரணுக்கள் கிழிந்துவிடும். ஆகவே வறட்சி இல்லாமல் குளிர் இல்லை. குளிர் இல்லாமல் வறட்சி மட்டும் இருந்தால்? இஸ்ரேலில் சாக்கடல் ஓரத்து மசாடா கோட்டை இடிபாடுகளில் கிடைத்த, ஏறத்தாழ 2000 வருடப் பழைய பேரீச்சை விதை 2005இல் முளைத்தது. அது பனியில் கிடக்கவில்லை; பாலைவன வெயிலில், ஈரமே இல்லாத மண்ணில் கிடந்தது. விதைகளில் அது அரிய விதிவிலக்கு, எல்லாம் அப்படி வாழாது. ஆனாலும் வறட்சியின் பலத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் இரண்டு முறையும் கிட்டத்தட்டத் தோளோடு தோள் நிற்கின்றன. அட்டாலியும் உலர்த்தும் அறையும் செய்ய முயல்வது ஒன்றே: விதையைச் சுற்றியுள்ள காற்றை வறளவைப்பது. ஒன்று சூட்டால் செய்தது, மற்றது இயந்திரத்தால் செய்கிறது. முளைப்புச் சோதனையும் இரண்டிலும் உண்டு. வங்கியில் முதலில் 85 சதவீதத்துக்கு மேல் முளைத்தால்தான் விதையை ஏற்கிறார்கள். பிறகு ஆண்டுகள் கழித்து எடுத்துச் சோதித்து, முதலில் இருந்த முளைப்பில் 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வயலில் விதைத்துப் புது விதை எடுக்கிறார்கள். மாரியம்மன் நோன்புக்கு முளைப்பாரி போடுவதும் ஊர் தானியத்தின் முளைப்பைச் சோதிப்பதாகவே அமைந்திருக்கிறது. வீட்டுக்கு வீடு தட்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது யார் விதை நல்ல விதை என்பது ஊருக்கே தெரிந்துவிடும். காய்கறி விதைக்கு அந்தப் பரீட்சை கிடையாது என்பது குறைதான்.

விலகுகிற இடங்களுக்கு வருவோம். அட்டாலி முறை எங்கே உடையும் என்பதற்குத் திருப்பூருக்கு வெளியே உதாரணம் தேட வேண்டியதில்லை. பனியனுக்கு முன்பே இது பருத்தி ஊர். சுற்றுவட்டாரக் கரிசலிலும் செம்மண்ணிலும் கருங்கண்ணி, உப்பம் என்று நாட்டுப் பருத்திகள் விளைந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்து கிணற்றுப் பாசனத்தில் பரவியது; திருப்பூர் அதற்குப் பேர்போன சந்தையானது. கத்தரியில் விதைக்காயைத் துணி கட்டி வீட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். பருத்தியில் அது முடியாது. பஞ்சோடு விதையும் சேர்ந்தேதான் வண்டியேறும். ஜின்னிங் பேக்டரியில் பஞ்சு ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம் என்று பிரியும்போது, பத்து ஊர்ப் பருத்தியின் கொட்டை ஒரே குவியலில் விழும். மாட்டுக்கு ஆட்டிவைக்க அந்தக் கொட்டை போதும். விதைக்கு எடுத்தால் எல்லாம் கலந்திருக்கும். விளைச்சலோடு விதையும் வீட்டைவிட்டு வெளியேறும் பயிரில், வீட்டு விதைக் காவல் முதலில் தளர்ந்தது.  2002இல் பி.டி. பருத்தி அனுமதி பெற்று வந்தபோது இங்கே பல காடுகளில் எதிர்த்து நிற்க நாட்டு விதையே மிச்சமில்லை. இன்று கருங்கண்ணி போன்றவை மிஞ்சியிருப்பது சில உழவர்களின் பிடிவாதத்தாலும், நாக்பூரிலுள்ள மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் விதைத் தொகுப்பாலும்தான். இந்த ஊருக்குத் தொழில் தந்த பயிரின் விதையைக் காத்ததில் குளிர் அறைக்கும் பங்குண்டு என்பதை, வீட்டு முறைமேல் பற்றுள்ளவனாக இருந்தும் நான் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும்.

ஆனால் குளிர் அறையும் அழியாததல்ல. 2003இல் ஈராக்கின் அபு கிரைப் விதை வங்கி போரில் சூறையாடப்பட்டது. பிலிப்பைன்ஸின் தேசியத் தாவர மரபணு வங்கி 2006இல் புயல் வெள்ளத்தில் மூழ்கியது, 2012இல் தீப்பிடித்தது. சிரியாவின் அலெப்போ அருகே இருந்த சர்வதேச வறள்நில வேளாண் ஆராய்ச்சி மையம் போரால் தன் தொகுப்பை அணுக முடியாமல் போய், 2015இல் ஸ்வால்பார்டிலிருந்து விதையைத் திருப்பி எடுத்தது. அப்போதும் என்ன செய்தார்கள்? லெபனானிலும் மொராக்கோவிலும் வயலில் விதைத்துப் பெருக்கினார்கள். கடைசியில் எல்லா விதையும் மண்ணுக்கு வந்தாக வேண்டும். உறைந்திருக்கிற காலத்தில் அந்த விதை எதையும் கற்றுக்கொள்வதில்லை. நொய்யலில் சாயக்கழிவு ஓடிய காலத்தில் கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறியது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன வரை நிலைமை முற்றிக்கொண்டே போனது. அந்தத் தண்ணீரிலும் காய்த்த செடியிலிருந்து வருடாவருடம் விதை எடுத்தவர் வீட்டில், உப்புக்குக் கொஞ்சமாவது ஈடுகொடுக்கிற விதை தேறியிருக்க வாய்ப்புண்டு. 1996இல் உறைந்த விதைக்கு நொய்யலில் நடந்தது எதுவும் தெரியாது.

இன்னொன்று, யாருக்குத் திறக்கும் என்பது. தேசிய வங்கியின் நீண்டகாலத் தொகுப்பு வினியோகத்துக்கானதல்ல. ஆராய்ச்சிக்கு விதை கேட்பவர்களுக்கு வேறு தொகுப்பிலிருந்து ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறார்கள். ஸ்வால்பார்டில் வைத்தவர் மட்டுமே எடுக்கலாம். மண்ணரை மாடித் தோட்டக்காரர் மாசியில் போய்க் கேட்டு வாங்கி ஆடியில் போடுகிற இடமல்ல அவை. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் உழவருக்கு உரிமை தருகிறது. உரிமை இருந்து விதை இல்லையென்றால் பயனில்லை. வங்கியின் பதிவேட்டில் ரகத்தின் பெயரும் ஊரும் தேதியும் இருக்கும்; எந்தக் காயில் துணி கட்ட வேண்டும் என்பது இருக்காது. அந்த அம்மாயியின் தலைமுறையோடு அது போய்விட்டால், பொட்டலத்தைத் திறந்து கொடுத்தாலும் நாம் இரண்டாவது வருடமே ரகத்தைக் கெடுத்துவிடுவோம்.

திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன் இந்தச் சிக்கலுக்கு வேறொரு பதில் வைத்திருந்தார். ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தி, இரண்டு கிலோ பாரம்பரிய நெல் வாங்கிப்போகிறவர் அடுத்த வருடம் நான்கு கிலோ திருப்பித் தர வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். 2018 டிசம்பரில் அவர் மறையும்போது 174 நெல் ரகங்களை மீட்டிருந்தார். அந்த ஏற்பாட்டில் விதை சேமிப்பு என்ற வேலையே குறைவு. விதை எப்போதும் யாரோ ஒருவர் வயலில் நின்றுகொண்டிருக்கும். அட்டாலி முறையின் உயிர்நாடியை அவர் ஒரு வீட்டிலிருந்து எடுத்து மாநிலம் முழுக்க விரித்தார் என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கு வயல் வேண்டும்.

மண்ணரையில் இல்லாதது அதுதான். விறகடுப்பு போய் கேஸ் அடுப்பு வந்தாயிற்று. லைன் வீட்டின் சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே பரண் இருக்கிறது, சூடு இருக்கிறது, வறட்சி இல்லை. சூட்டையும் ஐப்பசி ஈரத்தையும் சேர்த்து வாங்கும் அந்தப் பரணில் பாட்டி வைத்த மாதிரியே விதையை வைத்தால், வெண்டையும் மிளகாயும் அடுத்த ஆடியைக்கூடத் தாண்டாமல் போகலாம். வெங்காய விதையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இடமும் கிடையாது. நான்கு தொட்டி வைக்கிற மாடியில் ஒரே வருடத்தில் கத்தரியும் சுரையும் பீர்க்கும் அவரையும் போட்டு எல்லாவற்றிலும் விதை எடுக்க முடியாது. பாட்டிக்குப் போதுமாக இருந்த இரண்டு வருட ஆயுள் பேத்திக்குப் போதாது. ஒரு ரகத்தை ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் போட முடியும் என்றால், விதை ஐந்து வருடம் உயிரோடு இருக்க வேண்டும். அந்த அளவுக்கு அவளுக்கு உறைபெட்டகத்தின் பாதி பாடம் தேவை. என் கணிப்பில், எடுத்துக்கொள்ள வேண்டிய பாதி வறட்சி, குளிர் இரண்டாவது.

ஹாரிங்டன் கணக்கிலேயே பார்க்கலாம். 30 டிகிரியில் 10 சதவீத ஈரத்தோடு இருக்கும் கத்தரி விதையை 6 சதவீதத்துக்கு உலர்த்தி அடைத்தால், குளிர் எதுவும் இல்லாமலே ஆயுள் 16 மடங்கு. ஏட்டுக் கணக்கை அப்படியே நம்பாமல் பாதிக்கும் மேலே கழித்துவிட்டாலும் ஐந்து வருடத்துக்குத் தாராளம். உலர்த்தாமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் 32 மடங்கு வரவேண்டும் என்று கணக்கு சொல்லும். நடப்பில் அது வராது. மூடாத பொட்டலம் ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் ஈரக்காற்றைக் குடித்துக் கனத்துவிடும்; ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் குளிர்ந்த விதைமேல் வேர்த்துக் கொட்டும்.

வறளவைக்கும் சரக்கு திருப்பூரில் மலிவு. ஏற்றுமதிப் பெட்டியில் பனியனோடு போடுகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆனால் தரையில் சிந்திக் கிடந்து பொறுக்கியது பெரும்பாலும் ஏற்கெனவே ஈரம் குடித்து நிறைந்திருக்கும். விதைக்கு அது ஒன்றும் செய்யாது. நிறம் மாறும் மணிகளைத் தனியாக வாங்குவது நல்லது. ஆரஞ்சு மணி ஈரம் குடித்தால் பச்சையாகும். நீல மணி இளஞ்சிவப்பாகும். நீலத்தில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமையல் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது. ஆரஞ்சு வாங்கிக்கொண்டாலும் இதற்கென்று ஒரு பழைய வாணலியை ஒதுக்கிவிடலாம். மாசி வெயிலில், உச்சிப்பொழுதை விட்டு, விதையை நிழல்பாங்காக ஆற்றிக்கொள்ள வேண்டும். பிறகு காகித உறையில் போட்டு, விதையின் எடைக்குச் சமமாக மணிகளைச் சேர்த்து, ரப்பர் வளையம் வைத்த கண்ணாடிப் புட்டியில் ஒரு வாரம் பத்து நாள் மூடி வைக்க வேண்டும். மணி நிறம் மாறினால் வறுத்து ஆறவைத்துத் திரும்பப் போடலாம். பூசணி விதையை வளைத்துப் பார்த்தால் காய்ந்ததா என்று தெரிந்துவிடும்: வளைந்தால் ஈரம் இருக்கிறது, பட்டென்று ஒடிந்தால் போதும். அதற்குமேல் கொஞ்சம் மணியோடு வேறு புட்டியில் மூடி, ரகம், தெரு, மாதம், வருடம் எழுதி ஒட்டிவிடலாம். ஃப்ரிட்ஜில் இடமிருந்தால் வைக்கலாம். எடுத்த உடனே திறக்காமல் புட்டி அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். பனியன் பாலிபேக்கை மட்டும் நம்ப வேண்டாம். மெல்லிய பாலித்தீன் தண்ணீரைத் தடுத்தாலும் நீராவியை மெல்ல மெல்ல விட்டுவிடும்.

அவரைக்கு ஒரு எச்சரிக்கை. மிகவும் உலர்ந்துவிட்டால் தோல் இறுகித் தண்ணீர் குடிக்காது. குடித்தாலும் வேகமாகக் குடித்து உள்ளே வெடித்துவிடும். ஆகவே அவரை, தட்டை போன்றவற்றை 7, 8 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு, விதைப்பதற்கு முதல்நாள் இரவு புட்டியிலிருந்து எடுத்து ஈரத்துணிக்கு அருகில் திறந்து வைத்துவிட்டுப் போட வேண்டும். பயறு வண்டுக்கு மட்டும் ஃப்ரீசர் உண்மையில் நல்ல மருந்து: நன்றாக உலர்ந்த அவரையைச் சில நாள் உறையவைத்து எடுத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும், விதை சாகாது. விளக்கெண்ணெயின் வேலையை அது செய்துவிடுகிறது.

இரண்டு முறைக்கும் கட்டுப்படாதவையும் உண்டு. மா, பலா, நாவல், கறிவேப்பிலை விதைகள் உலர்ந்தாலே செத்துவிடும். வேம்பு சில வாரம் தாங்கினால் அதிகம். சாம்பலும் சிலிக்காவும் மைனஸ் 18 டிகிரியும் அவற்றுக்கு ஒன்றுதான். கறிவேப்பிலைப் பழம் கறுத்ததும் சதையைக் கழுவிவிட்டு அந்த வாரமே மண்ணில் போட வேண்டும். அந்த ரகத்துக்கு மரம்தான் சேமிப்பு.

மற்றவற்றில் புட்டி நமக்குத் தருவது காலம். அந்தக் காலத்தை ஒரே வீடு பயன்படுத்தினால் வீணாகிவிடும் என்பது என் கவலை. சுரையும் பூசணியும் அயல் மகரந்தத்தில் காய்ப்பவை. இரண்டு ரகச் சுரையைப் பக்கத்துப் பக்கத்து மாடியில் போட்டால் இரண்டும் கெடும். ஒரே செடியில் திரும்பத் திரும்ப விதை எடுத்தாலும் சில தலைமுறையில் வீரியம் இறங்கும். ஆகவே ஒரு தெருவில் நாலைந்து வீட்டார் சேர்ந்து, ஒரு வருடத்துக்கு ஒரு சுரை என்று பேசிவைத்து, எல்லா மாடியிலும் அந்த ஒன்றையே போட்டு, எல்லோர் காயிலிருந்தும் விதையைக் கலந்து பங்கு பிரித்துக்கொள்ளலாம். மற்ற ரகங்கள் அந்த வருடம் புட்டியில் இருக்கட்டும். ஒவ்வொரு மாசியிலும் புட்டிக்குப் பத்து விதை எடுத்து ஈரத்துணியில் சுருட்டிப் பார்த்து, ஏழுக்குக் கீழே முளைக்கிற ரகத்துக்கு அடுத்த ஆடியில் முறை என்று வைத்துக்கொள்ளலாம். எந்தக் காயில் துணி கட்டுவது என்பதை அந்தத் தெருவிலேயே இருக்கும் ஒரு பெரியவரிடம் கேட்டுச் செய்வது நல்லது. தொடங்குவதற்குப் பீர்க்கு எளிது. பக்கத்தில் வேறு ரகப் பீர்க்கும் நுரைப்பீர்க்கும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். பிசைந்து அலசுகிற வேலை கிடையாது, கொடியிலேயே காய்ந்துவிடும், மூடியைத் திருகித் தட்டினால் விதை வந்துவிடும்.